சவுதி ஓபியில் ஒரு சிறு ஆய்வு: கடலூர், புதுச்சேரி செவிலியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடத்தில் எல்லோரும் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்திருப்போம். கோரிமேடு, பிள்ளையார்குப்பம், சிதம்பரம் என்று எங்கே படித்திருந்தாலும் அட்டை போட்ட அந்தப் புத்தகம் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கும். ரியாத், தம்மாம், மஸ்கட் என்று வேலைக்குப் போன பிறகு, ஆராய்ச்சி டாக்டர்களுடைய வேலை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் தவறு. சர்க்கரை ஓபியில் இன்சுலின் பேனாவை நோயாளி கையில் கொடுத்து, "போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பவர் செவிலியர். எந்த இடத்தில் அவர் கை தயங்குகிறது என்று பார்ப்பவரும் செவிலியர்தான். நல்ல ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

அரபு நாட்டில் செவிலியர் செய்யும் ஆய்வு புள்ளியியலால் கெடுவது குறைவு. அனுமதிக்கு முன்பே தகவல் எடுத்துவிடுவதாலும், அரபிக் கேள்வித்தாள் சரியாக அமையாததாலும் கெடுவதுதான் அதிகம். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். விளக்கம் வெறும் விதிகளாக நிற்காமலிருக்க ஒரே எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோகிறோம்: ரமலான் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகள்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

இந்தத் தலைப்புக்கு வலுவான பின்னணி இருக்கிறது. 2001-ல் 13 நாடுகளில் 12,243 பேரிடம் நடந்த எபிடியார் ஆய்வில், டைப் 2 நோயாளிகளில் ஏறக்குறைய 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அந்த மாதத்தில் டைப் 1-ல் 4.7 மடங்கும், டைப் 2-ல் 7.5 மடங்கும் கூடியது. "நோன்பு வைக்காதீர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நோயாளி நம்மிடம் தலையாட்டிவிட்டு வீட்டில் வைத்துவிடுவார். ஆகவே பாதுகாப்பாக நோன்பு வைக்கச் சொல்லித்தருவதே நடைமுறை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் நீரிழிவும் ரமலானும் குறித்து இயங்கும் டார் கூட்டமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு அடிப்படை. நோயாளியின் ஆபத்தை அது மதிப்பெண்ணால் பிரிக்கிறது: 0 முதல் 3 வரை குறைவு, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6-க்கு மேல் அதிகம். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே முறிக்க வேண்டும் என்கிறது.

இதிலிருந்து ஒரு கேள்வி: "எங்கள் ஓபிக்கு வருகிற, நோன்பு வைக்க நினைக்கிற டைப் 2 நோயாளிகளில், சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நோன்பை முறிக்க வேண்டும் என்று சரியாகச் சொல்பவர்கள் எத்தனை சதவீதம்?" ஒரே ஒரு எண்தான் விடை. அது கையில் இருந்தால் கிளினிக்கில் என்ன மாற்ற வேண்டும் என்று உடனே முடிவெடுக்கலாம். "அறிவு, மனப்பான்மை, நடைமுறை" என்று 60 கேள்வி வைத்துத் தொடங்கும் திட்டம் பாதியில் நின்றுபோகும். 20-ஆம் கேள்விக்கு மேல் நோயாளி எதையாவது சொல்லி முடித்துவிட்டு எழுந்து போகவே பார்ப்பார்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். 2027-ல் பிறை தெரிவதைப் பொறுத்து பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். நோன்புக்கு முந்தைய மதிப்பீடு 6 முதல் 8 வாரம் முன்பே நடக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் சொல். அப்படியானால் தகவல் சேகரிப்பு 2026 டிசம்பர் 13-ல் தொடங்கி 2027 பிப்ரவரி 4-க்குள் முடிய வேண்டும். கேள்வித்தாள் மொழிபெயர்ப்புக்கும் முன்சோதனைக்கும் இரண்டு மாதம், எத்திக்ஸ் கமிட்டிக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் ஜூலை கடைசியிலேயே வேலை ஆரம்பமாக வேண்டும். ஜூலையில் ஊருக்கு வெக்கேஷன் வருபவர்கள் அந்த நாட்களைத் திட்ட வரைவு எழுதப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜிப்மரிலோ, படித்த கல்லூரியிலோ தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் வரைவை நேரில் காட்டி வாங்கும் கருத்துக்கு ஈடில்லை.

சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஆய்வென்றால் எல்லோருக்கும் பொதுவான முழு வேலை நாள் திங்கள் முதல் வியாழன் வரைதான். ரமலானில் வேலை நேரம் குறைந்துவிடும், ஓபி நேரமும் மாறும். கமிட்டிக் கூட்டங்கள் தள்ளிப்போகும். பெருநாளுக்கு முந்தின வாரத்தில் எந்தக் கையெழுத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒப்பந்தத்தையும் பாருங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் எட்டு மாதம் மீதியிருக்கும்போது ஓராண்டு ஆய்வைத் தொடங்கினால், ஃபைனல் எக்ஸிட் (நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் விசா) அடித்த நாளோடு உங்கள் அனுமதியும் காலியாகிவிடும். போக வேண்டிவந்தால், கிளம்புவதற்கு முன் முதன்மை ஆய்வாளர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்து, கமிட்டியின் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

சவுதியில் மனிதர்கள்மீது செய்யும் ஆய்வுக்குச் சட்டமே இருக்கிறது. உயிரினங்கள் மீதான ஆய்வு நெறிமுறைச் சட்டம், அரச ஆணை எம்/59, ஆண்டு 2010. அதைக் கண்காணிப்பது தேசிய உயிரியல் நெறிமுறைக் குழு. மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி அந்தக் குழுவிடம் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் கமிட்டி இல்லையென்றால் அந்தப் பகுதியின் சுகாதாரத் துறைக் கமிட்டிக்குப் போக வேண்டியிருக்கும். முதலில் செய்ய வேண்டியது, தேசியக் குழு இணையத்தில் நடத்தும் நெறிமுறைப் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்குவது. அது இல்லாமல் கொடுத்த விண்ணப்பம் முதல் பார்வையிலேயே திரும்பி வரும்.

ஓமனில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வு மையம் வழியாகப் போக வேண்டும். கத்தாரில் ஹமத் மருத்துவக் கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அங்கேயே மருத்துவ ஆராய்ச்சி மையம் உண்டு. அமீரகத்தில் துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனி அமைப்பு. ஒன்றின் அனுமதி மற்றொன்றில் செல்லாது.

பொதுவாகக் கேட்கும் தாள்கள்: ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள் (அரபி, ஆங்கிலம் இரண்டிலும்), ஒப்புதல் படிவம் (இரண்டிலும்), எல்லா ஆய்வாளர்களின் சுயவிவரமும் நெறிமுறைச் சான்றிதழும், நர்சிங் இயக்குநரின் சம்மதக் கடிதம், கிளினிக் தலைவரின் சம்மதக் கடிதம். நர்சிங் இயக்குநரின் கடிதத்தில், டூட்டி நேரத்தில் தகவல் எடுக்கலாமா, கூடாதா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ச் சம்மதம் ஆள் மாறினால் போய்விடும். செவிலியர் முதன்மை ஆய்வாளராக இருக்கச் சில கமிட்டிகள் சம்மதிக்காது. அப்போது உள்ளூர் கன்சல்டன்ட் ஒருவரைச் சேர்க்க வேண்டும். கட்டுரை வெளியாகும்போது யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை அவரோடு அன்றே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கமிட்டி அனுமதி எண் வருவதற்கு முந்தைய நாளில் எடுத்த ஒரு தகவலைக்கூடச் சேர்க்கக் கூடாது. "முன்பே தரமேம்பாட்டுக்காக எடுத்து வைத்திருந்தோம், இப்போது கட்டுரையாக்குகிறோம்" என்பவர்களும் புதிதாக விண்ணப்பித்து, கோப்பிலிருந்து எடுக்கும் ஆய்வு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். கமிட்டிகள் பின்தேதியிட்டு அனுமதி தருவதில்லை. தரச் சொல்லிக் கேட்பதும் தவறு.

இந்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. அல்லது பிஎச்.டி.க்காக அங்கே தகவல் எடுப்பவர்களுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: அந்த நாட்டுக் கமிட்டியுடையதும், இங்கே பதிவு செய்த கல்லூரியுடையதும். இங்குள்ள கமிட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும். தகவலைப் புதுச்சேரிக்கு எப்படிக் கொண்டுவருவீர்கள் என்ற கேள்வி அங்கேதான் எழும். அமீரகத்தின் 2019-ஆம் ஆண்டு 2-ஆம் எண் சட்டம், விதிவிலக்குகள் தவிர்த்து, மருத்துவத் தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை விதிக்கிறது. சவுதியிலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெயர், கோப்பு எண், இகாமா (குடியிருப்பு அனுமதி) எண் நீக்கப்பட்ட அட்டவணையையே கொண்டுவர வேண்டும், அதற்கும் கமிட்டியின் எழுத்து அனுமதி வேண்டும். கேள்வித்தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எந்த நாட்டிலும் வேலைக்கே உலை வைக்கும்.

அரபிக் கேள்வித்தாள்

இங்கே நிதானம் தேவை.

ஏற்கெனவே அரபியில் சரிபார்க்கப்பட்ட கருவி இருந்தால் அதையே எடுங்கள். மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு எடின்பரோ அளவுகோல், வாழ்க்கைத் தரத்துக்கு உலக சுகாதார அமைப்பின் சுருக்கக் கருவி ஆகிய மூன்றுக்கும் அரபி வடிவம் உண்டு. எடுப்பதற்கு முன் உரிமை யாருடையது என்று பாருங்கள். செவிலியர்களின் பணிச்சோர்வை அளக்க எல்லோரும் எடுக்கும் மாஸ்லாக் கருவி 22 கேள்வி கொண்டது, காசு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கோபன்ஹேகன் கருவி 19 கேள்வி, இலவசம். உரிமம் வாங்காத கருவியால் வெளியான கட்டுரை பிற்பாடு திரும்பப் பெறப்பட்ட கதைகள் உண்டு. ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைக் கோப்பில் வைத்தால் போதும்.

நம் நோன்புக் கேள்விக்குச் சொந்தமாகத்தான் எழுத வேண்டும். 12 கேள்வி போதும்: நோயாளியைப் பற்றி ஐந்து, முக்கியக் கேள்வி ஒன்று, மற்றவை ஆறு. முக்கியக் கேள்விக்கு விடைகளைக் கொடுத்துத் தேர்வு செய்யச் சொல்லாதீர்கள். நான்கு எண் எழுதியிருந்தால் தெரியாதவரும் ஒன்றைத் தொட்டுக்காட்டுவார். தற்செயலாகவே நான்கில் ஒருவர் சரியாகிவிடுவார். திறந்த கேள்வியாகக் கேட்டு, அவர் சொன்ன எண்ணை அப்படியே எழுதுங்கள். அதோடு அலகையும் குறியுங்கள். மில்லிகிராம், மில்லிமோல் இரண்டும் அங்கே புழக்கத்தில் இருப்பதால், "நாலு" என்று ஒருவர் சொன்னால் அது மில்லிமோல், சரியான விடைக்கு அருகில் இருக்கிறது. ஊரில் மில்லிகிராமிலேயே பழகிய நமக்கு அது உடனே உறைக்காது. மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம்: 3.9 என்பது 70, 16.6 என்பது ஏறக்குறைய 300. எதுவரை சரி என்று ஏற்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். உதாரணமாக 68 முதல் 72 மில்லிகிராம், அல்லது 3.8 முதல் 4.0 மில்லிமோல். 80 என்று சொன்னவர் தவறானவர் அல்ல, எச்சரிக்கையானவர். அவருக்குத் தனிக் குறியீடு வேண்டும். தகவல் வந்த பிறகு இந்த எல்லையை நகர்த்தினால் அது ஆய்வாகாது.

நேரத்தைப் பற்றிய கேள்விகளில் "காலை", "இரவு" என்று எழுதவே வேண்டாம். ரமலானில் காலை மாத்திரை இஃப்தாருக்கு (நோன்பு திறப்புக்கு) நகர்கிறது, இரவு மாத்திரை சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு). "இஃப்தாருக்கு", "சஹருக்கு" என்றே கேளுங்கள். விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியும் என்று பயந்து பரிசோதனையையே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். முறியாது என்பதே வழிகாட்டியின் நிலை, மார்க்க அறிஞர்களின் கருத்தும் அதுவே. அதையும் ஒரு கேள்வியாக வையுங்கள்.

மொழிபெயர்ப்பின் வரிசை இது. அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், ஒருவர் மருத்துவத் துறையிலும் மற்றவர் வெளியிலும் இருப்பவராக, தனித்தனியே ஆங்கிலத்திலிருந்து அரபிக்குக் கொண்டுவருவார்கள். இருவரையும் உட்காரவைத்து ஒரே பிரதியாக்க வேண்டும். பிறகு மூலத்தைப் பார்த்திராத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். நாலு தாளையும் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்க்கும். இதில் செலவை மிச்சப்படுத்த ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்தால், தான் எழுதியதையே அவர் நினைவிலிருந்து திருப்பித் தருவார், பிழை வெளியே வராது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது: லால்பேட்டையில் ஓதிய உறவினரிடமோ பரங்கிப்பேட்டையில் தெரிந்த ஆலிமிடமோ கேள்வித்தாளைக் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குவது. அவர்களுடைய அரபி இலக்கண ஞானம் மதிப்புக்குரியது. எழுத்துப் பிழை பார்க்க அவர்கள் நல்ல உதவி. ஆனால் கஸீமில் பேரீச்சைத் தோட்டத்திலிருந்து வரும் 70 வயதுப் பெரியவர் பேசும் வழக்கு கிதாபு அரபி அல்ல. சர்க்கரை இறங்குவதற்குத் தாளில் "ஹுபூத்" என்று இருந்தால், "நஸல் அஸ்ஸுக்கர்" என்று சேர்த்துச் சொன்னால்தான் சிலருக்குப் பிடிபடும். ஆகவே மொழிபெயர்ப்புக்கும் மீள்மொழிபெயர்ப்புக்கும் அந்த நாட்டு ஆட்களே வேண்டும். எகிப்து, சூடான், சிரியா நாட்டுச் சகாக்கள் மருத்துவமனையில் இருப்பார்கள். அவர்கள் செய்தாலும் கடைசியாக ஒரு சவுதிக்காரர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நிபுணர் பார்வை. ஆறு பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் கேளுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கே அந்தக் கேள்வியின் உள்ளடக்கச் செல்லுபடிக் குறியீடு. ஆறு பேருக்கு 0.78 வேண்டும். ஐந்து பேர் ஏற்றால் 0.83, தேறும். நான்கு பேர் என்றால் 0.67, திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ கேட்டிருந்தால் எல்லோரும் ஏற்றாக வேண்டும். மொத்தத் தாளின் சராசரி 0.90-க்குக் குறையக் கூடாது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற நம்பகத்தன்மையைப் பார்க்க, சரி, தவறு என்று திருத்தும் அறிவுக் கேள்விகளுக்கு கேஆர்-20, மனப்பான்மை அளவுகோல்களுக்கு க்ரான்பாக் ஆல்ஃபா என்ற குறியீடுகள். இரண்டிலும் 0.70 என்பது வழக்கமான கீழ் எல்லை.

பிறகு 30 நோயாளிகளிடம் முன்சோதனை. இவர்கள் முக்கிய ஆய்வில் சேரமாட்டார்கள். "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிந்தது, உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்பதே முன்சோதனையின் உயிர். வெறுமனே நிரப்பி வாங்கினால் நேரம் எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான் தெரியும்.

தாளின் அமைப்பில் இரண்டு பொறிகள். அரபி வலமிருந்து இடமாகப் போகிறது. "முற்றிலும் ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டம் அச்சிட்டால், அரபித் தாளில் முதல் கட்டம் வலப்பக்கம் இருக்கும். ஆங்கிலத் தாளையே பார்த்துப் பழகியவர் இடமிருந்து 1, 2, 3 என்று கணினியில் ஏற்றினால் எல்லா விடையும் தலைகீழாகிவிடும். கட்டத்துக்குக் கீழே சின்னதாகக் குறியீட்டு எண்ணை அச்சிட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாவது, எண்கள். வயதானவர்கள் கிழக்கு அரபி எண்களில் எழுதுவார்கள். அதில் வட்டமாக இருப்பது 5, வெறும் புள்ளிதான் 0. நம் 7-ஐப் போலத் தெரிவது 6. மேலே திறந்த கூர் 7. கீழே திறந்த கூர் 8. 50 என்று எழுதியதை வட்டமும் புள்ளியும் என்று பார்த்து 0 என ஏற்றுவது சாதாரணமாக நடக்கும். தகவல் ஏற்றுபவரின் மேசையில் ஓர் எண் அட்டை ஒட்டி வையுங்கள்.

எத்தனை பேர்

சதவீதம் காணும் ஆய்வுக்குக் கணக்கு எளிது. 95 சதவீத நம்பகத்துக்கான எண் 1.96, அதன் வர்க்கம் 3.84. எதிர்பார்க்கும் சதவீதம் தெரியாவிட்டால் 0.5 என்று வைத்து, 0.5 × 0.5 = 0.25. பிழை எல்லை 7 சதவீதம் என்றால் அதன் வர்க்கம் 0.0049. ஆக 3.84 × 0.25 ÷ 0.0049 = 196. பிழை எல்லை 5 சதவீதமானால் 385 பேர் வேண்டும். கிளினிக்கில் மொத்தமே 900 நோயாளிகள்தான் என்றால் 196-ஐ 1 + (195 ÷ 900) ஆல் வகுக்க, 162. நூற்றுக்குப் பதினைந்து பேர் மறுப்பார்கள் என்று வைத்து 162-ஐ 0.85-ஆல் வகுத்தால் 191 பேரை அணுக வேண்டும்.

கிளினிக் வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம், 24 நாள். நாளுக்கு எட்டுப் பேர். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். இரண்டு பேர் எடுத்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம், டூட்டியோடு ஒத்துப்போகும். வந்தவரையெல்லாம் பிடிக்காமல், அன்றைய அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் மூன்றில் ஒருவர் என்று எடுங்கள். முதல் ஆளை 1 முதல் 3 வரை சீட்டு எடுத்து முடிவு செய்யலாம். சும்மா உட்கார்ந்திருப்பவரையே கேட்டால், சீக்கிரம் வருபவர்கள், அதாவது தங்கள் நோயைப் பற்றி அக்கறையுள்ளவர்கள் அதிகமாகச் சேர்ந்து, விடை நல்லதாகத் தோன்றும்.

ஒப்புதலும் பேட்டியும்

வளைகுடா ஓபியில் நோயாளியோடு குடும்பமும் வரும். வயது வந்த பெண்ணின் ஒப்புதல் அவருடையது. கூட வந்த மகனோ கணவரோ போடும் கையெழுத்து அதற்கு மாற்றாகாது. அதே சமயம் குடும்பத்தை ஒதுக்கித் தள்ளினால் பேட்டியே நடக்காது. எல்லோருக்கும் ஒன்றாக விளக்கிவிட்டு, "கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொல்லட்டும், பிறகு நீங்கள் கேட்கலாம்" என்று மகனிடம் மரியாதையாகச் சொல்வது பலிக்கும். மகன் சொன்ன விடையைத் தாயின் விடையாக எழுதாதீர்கள். "இன்ஷா அல்லாஹ்" என்பதை மட்டும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குபவர்கள் சொல்லும் மரியாதை வார்த்தையாகவும் அது இருக்கும். "இப்போது பேசலாமா, வேண்டாமா?" என்று இன்னொரு முறை கேளுங்கள்.

மருந்து தரும் செவிலியரே ஒப்புதல் கேட்டால் மறுக்க நோயாளிக்குத் துணிவு வராது. அந்த நோயாளியின் பராமரிப்பில் இல்லாத ஒருவர் கேட்பதே முறை. பெண்களைப் பெண்ணும் ஆண்களை ஆணும் பேட்டி காண்பது அங்கே இயல்பாக ஏற்கப்படும். பேட்டி காண்பவர் அரபியைத் தாய்மொழியாகப் பேசுபவராக இருக்கட்டும். வலி எங்கே, சாப்பிட்டீர்களா என்று கேட்கும் வார்டு அரபி இந்த வேலைக்குப் போதாது. நீங்கள் பக்கத்தில் இருந்து தாள்களைச் சரிபாருங்கள். எழுதியதை எழுதியபடி படிக்க வேண்டும், உதாரணம் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று பேட்டியாளருக்கு ஒருநாள் பயிற்சி கொடுங்கள். பாங்கு சொல்வதற்குக் கால் மணி நேரம் முன்பு புதுப் பேட்டி தொடங்க வேண்டாம்.

இந்த ஆய்வில் பேட்டி, அறிவுரை அறைக்குள் போவதற்கு முன்னால் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் சற்று முன் நர்ஸ் சொன்னதைத்தான் அளப்போம். காத்திருக்கும் வரிசையில் வைத்துக் கேட்டால் அடுத்தவருக்கு விடை தெரிந்துவிடும், தனி அறை அவசியம். பேட்டி முடிந்ததும், தவறாகச் சொன்னவருக்குச் சரியான எண்ணைச் சொல்லி, அரபியில் அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இதை விட்டுவிடும் ஆய்வு எத்தனை அழகாக எழுதப்பட்டாலும் எங்களுக்கு உடன்பாடில்லை. 70-க்குக் கீழே இறங்கியும் நோன்பைத் தொடரப்போகிறவர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஏற்றும்போது

வயதை நேரடியாகக் கேட்காமல் பிறந்த ஆண்டைக் கேளுங்கள். முதியவர்கள் ஹிஜ்ரி (இஸ்லாமியக் காலண்டர்) ஆண்டில் சொல்வார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான், ஆகவே ஹிஜ்ரிக் கணக்கில் 68 வயது என்பது நம் கணக்கில் 66. ஆண்டுக்கு எந்தக் காலண்டர் என்று ஒரு கட்டம் வைத்தால் தீர்ந்தது. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு அடையாள அட்டையில் ஹிஜ்ரி ஏழாம் மாதம் முதல் தேதி என்று போட்டிருப்பார்கள். பட்டியலில் பலருக்கு அதே தேதி வந்தால் தகவல் ஏற்றியவர்மேல் சந்தேகப்பட வேண்டாம்.

கோப்போடு இணைக்கப் பெயரை நம்பாதீர்கள். சொந்தப் பெயர், தந்தை, தாத்தா, குடும்பம் என்று நான்கு பகுதி. ஆங்கிலத்தில் ஒரே முகமது ஐந்து விதமாக எழுதப்படும். மருத்துவமனைக் கோப்பு எண்ணை ஒரு தாளில் ஆய்வு எண்ணோடு எழுதி, அந்தத் தாளைப் பூட்டி வையுங்கள். கணினியில் ஆய்வு எண் மட்டும் இருக்கட்டும். விடை இல்லாததற்கு 99 போட்டால் வயதோடு குழம்பும், 999 போடுங்கள். கிரியாட்டினைன் மைக்ரோமோலில் வரும், 88.4-ஆல் வகுத்தால் மில்லிகிராம். அரபி எழுத்து உள்ள எக்செல் தாளை சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துகள் சிதைந்துவிடும். யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். பத்தில் ஒரு தாளை வேறொருவரிடம் மறுபடி ஏற்றச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இல்லாவிட்டால் ஜமோவி இலவசம். 162 பேரில் 81 பேர் சரியாகச் சொன்னார்கள் என்று வையுங்கள்: 50 சதவீதம், 95 சதவீத நம்பக எல்லை 42.3 முதல் 57.7 வரை. எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும். படிப்பு, பாலினம், இன்சுலின் போடுகிறாரா என்று முன்பே குறித்த இரண்டு மூன்று ஒப்பீடு போதும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் கட்டங்களில் கை-வர்க்கச் சோதனையை விட்டு ஃபிஷர் சோதனைக்குப் போங்கள். இருபது ஒப்பீடு செய்தால், உண்மையில் எதுவும் இல்லாதபோதும் சராசரியாக ஒன்றின் பி-மதிப்பு தற்செயலாக 0.05-க்குக் கீழே வந்து, உண்மையான வித்தியாசம்போல நிற்கும்.

வெளியிடும்போது

இத்தகைய ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களை வைத்துக்கொண்டு எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பின் கிழக்கு மத்தியதரைக்கடல் மண்டல அலுவலகம் நடத்தும் சுகாதார இதழ் ஆசிரியர்களிடம் காசு வாங்குவதில்லை. அரபி, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் கட்டுரை ஏற்கிறது. ஓமன் மெடிக்கல் ஜர்னல், சவுதி மெடிக்கல் ஜர்னல் ஆகியவையும் இத்தகைய தலைப்புகளுக்குப் பொருத்தமானவை. இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு ரூபாய் கேட்கும் இதழைத் தொடாதீர்கள். உண்மையாக வேலை செய்யாதவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வரக் கூடாது. அரபி மொழிபெயர்ப்பிலும் பேட்டியிலும் உழைத்தவர்களை விட்டுவிடவும் கூடாது. ஆசிரியராகும் அளவுக்குப் பங்கு இல்லையென்றால் நன்றிப் பகுதியில் அவர்கள் சம்மதத்தோடு பெயரைச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு ஒரு பக்க அறிக்கையை ரமலானுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், கட்டுரை வெளியாவதற்குக் காத்திருக்க வேண்டாம். கமிட்டிக்கு இறுதி அறிக்கை தனி.

இதே கேள்வித்தாளை பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், புதுச்சேரி சுல்தான்பேட்டைப் பக்கம் நோன்பு வைக்கும் நம் மக்களிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு அரபித் தாளைத் தமிழாக்காமல் ஆங்கில மூலத்திலிருந்து புதிதாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். "சஹர்", "நோன்பு திறப்பு" என்ற சொற்களையே எழுதுங்கள். அலகை மில்லிகிராமுக்கு மாற்றுங்கள். இங்குள்ள ஒரு கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் தனியாக விண்ணப்பியுங்கள், சவுதியில் வாங்கிய அனுமதி இங்கே செல்லாது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் முதலில் பேசிவிட்டால், ரமலானுக்கு முந்தைய ஷாபான் மாதத்தில் பள்ளிவாசல் மண்டபத்திலேயே ஒருநாள் முகாம் வைத்து, பேட்டியையும் அறிவுரையையும் ஒன்றாக நடத்தலாம்.